எழுத்து மேலே பார்த்த கேஸ்கட்

படிக்கிறவரே, கை தட்ட வேண்டாம். சாட்சியாக நின்றால் போதும்.

நான் மேடைப் பேச்சில் வளர்ந்தவன். பள்ளியில் தொடங்கி, கல்லூரியின் கடைசி ஆண்டில் இருக்கும் இன்றுவரை, விருதுநகரிலும் மதுரையிலும் ஏறிய மேடைகளில் தோற்று இறங்கியது சொற்பம். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை மூடி வைக்கும் அடக்கம் இல்லை. ஆனால் இங்கே சொல்லப்போவதை எந்த மேடையிலும் என்னால் சொல்ல முடியாது. "என்னைய வச்சு நீ கைதட்டு வாங்காதலே. எழுதணும்னா யாரு பேரும் போடாம எழுதிக்கோ" என்று என் அக்கா சொல்லிவிட்டாள். ஆகவே இதில் பெயர்கள் இல்லை. என் கோபத்தை மட்டும் குறைக்காமல் வைத்திருக்கிறேன்.

வழக்கு இதுதான். ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு ஓர் அட்டைக் கோடவுன் இருக்கிறது. வெடிக் கம்பெனிகளுக்குப் பெட்டி செய்து கொடுப்பவர்கள் வாங்கும் அட்டை அங்கே கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். ரோட்டைப் பார்த்த அதன் முன்பகுதி மட்டும் வெகுநாளாகக் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அவள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். படிப்பை முடித்து மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தாள். அங்கே அவளை பில் போடும் மேசையில் உட்கார வைத்தார்கள். இன்ஜின் பக்கம் போகக் கேட்டபோதெல்லாம், கஸ்டமரிடம் நன்றாகப் பேசுகிறாய் என்று பாராட்டி மறுபடியும் அதே மேசைக்கு அனுப்பினார்கள். ஒருநாள் அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

கோடவுனின் ஒரு மூலையில் அப்பாவின் பழைய பெட்ரோல் கார் தார்ப்பாய்க்குள் நின்றது. விற்றுவிடவும் மனமில்லை, வேலை பார்க்கவும் மனமில்லை என்கிற நிலையில் இருந்த வண்டி. அதன் இன்ஜினைப் பிரித்து நானே கட்டுகிறேன் என்றாள் அக்கா. அப்பா சிரித்தார். பிறகு, அம்மாவும் நானும் பெரியப்பாவும் அருகில் நிற்கும்போதே சொன்னார்:

"சரித்தா. இந்த வண்டிய நீ கட்டு. நாம எல்லாரும் ஏறி உக்காந்து சாத்தூர் போயி, எங்கயும் நிக்காமத் திரும்பி வந்துட்டோம்னா, முன்னால உள்ள எடம் ஒனக்குத்தான். சாவிய நானே எடுத்துத் தாரேன்."

"பெறகு வாக்கு மாற மாட்டீகளேப்பா?"

"வாக்கு மாறுன வியாபாரி இந்த ரோட்டுல கட நடத்த முடியுமாத்தா?"

இந்த வாக்கியத்தை நீங்கள் மறக்கக்கூடாது. உங்களைச் சாட்சியாக அழைத்ததே இதற்காகத்தான்.

அக்கா வேலையைத் தொடங்கினாள். இன்ஜினை இறக்கினாள், பிரித்தாள், ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தாள். பிளாக்கை விருதுநகரில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோய், சிலிண்டர்களைக் கடைந்து போர் பண்ணி வாங்கினாள். புதிய பிஸ்டன், புதிய ரிங். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் இறங்கவில்லை. "அந்தக் கையோட சோத்துச் சட்டியத் தொட்டேன்னா பாரு" என்று அம்மா கத்துவாள். கத்திக்கொண்டே சோற்றை உருட்டிக் கையில் வைப்பாள். அப்பா மாலையில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவார். அவர் முகத்தில் பெருமை இருந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு அது எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

இப்போது பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணன். சிவகாசியில் ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். தினசரிக் காலண்டர்தான் முக்கியமான ஆர்டர். ஆண்டு முழுவதும் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று அச்சிட்டு அச்சிட்டு, தாம் அச்சிடுவதைத் தாமே முழுமையாக நம்பத் தொடங்கிவிட்டவர். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தத் தாளையும் எழுத்து கீழே பார்த்தபடி கிடக்க விடமாட்டார். எங்கள் வீட்டில் செய்தித்தாள் கவிழ்ந்து கிடந்தால்கூட, பேச்சை நிறுத்தி, அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இன்ஜினின் ஹெட்டை மூடும் நாளில் நான் ஊரில் இல்லை; மதுரையில் ஒரு பேச்சுப் போட்டி. நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். கீழே பிளாக், மேலே ஹெட். இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் என்றொரு மெல்லிய தகடு. பெட்ரோல் எரியும் அறைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதும், குளிர்விக்கும் தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வழி விடுவதும் அதன் வேலை. அக்கா அதன் ஒவ்வொரு துளையையும் பிளாக்கின் துளையோடு பொருத்திப் பார்த்து வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, போல்ட்டுகளை அளவாக முறுக்குவதற்கு இரவலாகக் கேட்டிருந்த டார்க் ரெஞ்சைக் கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். அவள் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் ஹெட் இறங்கிவிட்டது. தூக்குவதற்காகப் பெரியப்பா தம் பிரஸ்ஸிலிருந்து அழைத்து வந்திருந்த மெஷின் ஆட்கள் இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் வந்தப்புறம் எறக்கியிருக்கலாம்ல பெரியப்பா?"

"நல்ல நேரம் முடியப் போகுதுத்தா. அதான் எறக்கச் சொல்லிட்டேன். எல்லாம் நேராத்தான் இருக்கு. நான் நின்னு பாத்தேன்லா."

அவள் பெரியவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. ரெஞ்சை எடுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முறைப்படி போல்ட்டுகளை முறுக்கினாள். அடுத்த நாள் இன்ஜின் முதல் சாவியிலேயே பிடித்தது. கோடவுன் வளாகத்துக்குள் இரண்டொரு சுற்றுச் சுற்றினாள். ஒரு குறையும் தெரியவில்லை. பெரியப்பா எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்தின் கீழ் வைத்தார்.

சாத்தூருக்குப் புறப்பட்டோம். அக்கா ஓட்டினாள். அப்பா முன்னால், அம்மாவும் பெரியப்பாவும் நானும் பின்னால். விருதுநகரைத் தாண்டி நால்வழிச் சாலையில் ஏறியதும் அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, "காத்து நல்லா வருதுத்தா" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

முதலில் வாடையைக் கண்டுபிடித்தவள் அக்காதான். "ஏதோ வேகுற மாதிரி இருக்கு" என்றாள். சூடு காட்டும் மீட்டரைப் பார்த்தோம். முள் நடுவில், ஒழுங்காக நின்றது. "மீட்டரு சரியாக் காட்டுதே, ஓட்டுத்தா" என்றார் அப்பா. சாத்தூர் வருவதற்குள் வண்டியின் இழுவை விழுந்தது. பிறகு உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது. பானெட்டின் பின்பக்க இடுக்கிலிருந்து ஆவி எழுந்து கண்ணாடியை மறைத்தபோது, அக்கா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

பக்கத்தில் ஒரு டீக்கடை. இலவசமாக ஒரு வேடிக்கை கிடைத்தால் நம் ஊரில் டீ ஆறிப்போவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கிளாசுகளோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, அக்கா மறுபடியும் ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் பிடித்தது, ஆனால் சும்மா நிற்கும்போது மிஸ் அடித்தது. ஓர் அடி விட்டு ஓர் அடி, நொண்டி நடப்பதுபோல. நின்ற இடத்திலேயே வண்டி குலுங்கிய குலுக்கலில், கையை மடியில் வைத்திருந்த அம்மாவின் கண்ணாடி வளையல்கள் தாமாகவே ஒலித்தன.

"இன்ஜின் வேல யாரு பாத்தது அண்ணாச்சி?" என்று ஒருவர் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா சாலையைப் பார்த்தார். பெரியப்பாதான் மோவாயால் அக்காவைச் சுட்டினார்.

"பொம்பளப் பிள்ளையா? அப்பச் சரி."

அப்பச் சரி. இந்த இரண்டு சொற்களில் ஒரு விசாரணை தொடங்கி, நடந்து, தீர்ப்பும் எழுதி முடிந்துவிட்டது. அந்த மனிதர் பானெட்டுக்குள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. குனிய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்பது சேலையிலும் சுடிதாரிலும் எழுதியிருக்கிறது அல்லவா! நான் அவரைப் பார்த்து ஏதோ சொல்லத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "கயிறு கட்டணும், வாலே" என்றாள். ஒரு லோடு ஆட்டோவின் பின்னால் கட்டி வண்டியை இழுத்து வந்தோம்.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இன்ஜின் நிபுணர்கள். ரிங் மாற்றிப் போட்டிருப்பாள் என்றார் ஒருவர். ரேடியேட்டரை அடைத்திருப்பாள் என்றார் இன்னொருவர். கோளாறுகள்தான் வேறு வேறு, எழுவாய் ஒன்றே. அம்மாவின் உறவில் ஒரு மாமா காபியை ஆற்றிக்கொண்டே, "சமையக்கட்டுல குக்கர் விசில் விடும், இங்கன கார் விசில் விட்டுருக்கு. பழக்கதோசம்" என்றார். கூடம் முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரிக்கவில்லை என்பதை அவருக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது போதவில்லை.

நான் எழுந்தேன். எழுந்தால் எனக்குப் பேசத் தெரியும். சான்று இல்லாமல் தீர்ப்பு சொல்வதுதான் நீங்கள் கற்ற நியாயமா என்று கேட்டேன். ஓர் ஆணின் கை கட்டிய எத்தனையோ இன்ஜின்கள் இதே சாலையில் புகைந்து நிற்கின்றனவே, அப்போதெல்லாம் ஆண்கை என்று எவராவது சொன்னதுண்டா என்று கேட்டேன். குரலை ஏற்றவேண்டிய இடத்தில் ஏற்றி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். நிறுத்திய அந்த இடைவெளியில் அப்பா சொன்னார்:

"நீ பேசுனா இன்ஜின் ஓடுமாலே?"

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. என் வாழ்நாளில் அவ்வளவு சிறிய சபையில் அவ்வளவு பெரிய தோல்வி எனக்கு நேர்ந்ததில்லை. முகம் எரிய உட்கார்ந்தேன்.

அன்றே அப்பா இன்னொன்றையும் சொன்னார். பெட்டி வியாபாரி ஒருவர் சீசனுக்காகக் கோடவுனின் முன்பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டாராம். அடுத்த வாரக் கடைசியில் அவருடைய லோடு வந்து இறங்கும்.

"கோளாறு என்னன்னு பாக்க விடுங்கப்பா" என்றாள் அக்கா.

"நிக்காம வரணும்னுதானத்தா பேச்சு? வண்டி நின்னுட்டுல்லா."

"நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு தெரிய வேண்டாமா?"

அப்பா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொண்டு அக்கா கோடவுனுக்குப் போனாள். நானும் போனேன். போகும் வழியெல்லாம் அநீதியைப் பற்றிப் பேசினேன். பானெட்டைத் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பேசாம டார்ச்சப் பிடி."

அவள் எதையும் ஊகிக்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீரை ஓடவிட்டாள், தடையில்லாமல் ஓடியது. வாட்டர் பம்ப் சரியாகச் சுழன்றது. சூடு ஏறினால் திறந்து தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மா உலை வைத்திருந்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் தனிச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தாள். "இத எந்தக் கொழம்புலத்தா போடணும்?" என்று கேட்டாள் அம்மா. சூடு ஏறியதும் அதன் வாய் ஒழுங்காகத் திறந்தது. அம்மாவே குனிந்து பார்த்து, "தொறக்குதே!" என்றாள். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் குனிந்து பார்த்தது அதுதான் முதல் முறை.

பிறகு எல்லாவற்றையும் மாட்டி, இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு, அக்கா கையைத் தண்ணீரில் நனைத்து ஹெட்டின் மேல் தெளித்தாள். முன்பக்கத்தில் விழுந்த துளி அப்படியே நின்றது. பின்பக்கத்தில் விழுந்த துளி விழுந்த கணமே சுர்ரென்று காணாமல் போனது. மறுபடி தெளித்தாள். மறுபடியும் அப்படியே. ஒரே இரும்புத் துண்டில் பாதி வெதுவெதுப்பு, பாதி அடுப்பு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினாள். முன்னால் இரண்டும் பிஸ்கட் நிறம். பின்னால் இரண்டும் வெந்து சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. கடைசியாக, ஒவ்வொரு பிளக் துளையிலும் அமுக்கம் அளக்கும் கேஜை வைத்து, கம்ப்ரஷன் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாள். முன் இரண்டிலும் முள் நிமிர்ந்தது. பின் இரண்டிலும் பாதிக்குமேல் ஏறவில்லை.

"பின்னால ரெண்டு ரூமுக்கும் நடுவுல செவுரு போயிருச்சுலே. கேஸ்கட் கருகியிருக்கு. ஒண்ணோட அமுக்கம் இன்னொண்ணுக்குள்ள போகுது, அதான் நிக்கும்போது மிஸ் அடிக்குது."

"ஏன் கருகுச்சு?"

"பின்பக்கம் மட்டும் கொதிச்சிருக்கு."

"அப்ப மீட்டர் ஏன் காட்டல?"

"மீட்டருக்குச் சூட்டச் சொல்ற சென்சார் இன்ஜினுக்கு முன்னால இருக்கு. முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு. அது பாத்ததத்தான் அது சொல்லும்." தனக்குத்தானே கேட்பதுபோலச் சொன்னாள்: "பின்பக்கம் ஏன் கொதிக்கணும்? தண்ணி அங்கன போகல. நான் ஓட்ட ஓட்டையாப் பாத்துத்தான வச்சேன். ஏன் போகல?"

மேடைகளில் எத்தனையோ வாதங்களைக் கேட்டிருக்கிறேன்; நானே கட்டியிருக்கிறேன். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, கைதட்டலுக்கு எங்கும் நிற்காமல் நடந்துபோன வாதத்தை அன்றுதான் கேட்டேன்.

ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றாள். அப்பா வேண்டாம் என்றார். லோடு வரப்போகிறது, வண்டியை ஓரமாகத் தள்ளிவிடு என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அவரைக் கேட்காமலேயே போல்ட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினாள். செய்தி தெரிந்து அப்பா வந்தார். தடுக்க வந்தவர், பாதி வேலை முடிந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். அம்மா வந்தாள். ஞாயிறென்பதால் பெரியப்பாவும் வந்து ஓர் அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்தார். அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஹெட்டைத் தூக்கி இறக்கினோம்.

கேஸ்கட் பிளாக்கின்மேல் ஒட்டிக் கிடந்தது. பின் இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் இருந்த மெல்லிய பாலம், அவள் சொன்னபடியே, கருகி அறுந்திருந்தது. ஆனால் அக்கா அதைப் பார்க்கவில்லை. தகட்டின் ஓரத்தில் அச்சிட்டிருந்த எழுத்துகளையும் எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து மேல பாத்துருக்கு" என்றாள் மெதுவாக. "நான் கீழ பாத்துல்ல வச்சேன்."

பின்னாலிருந்து, மகிழ்ச்சியான குரலில், பெரியப்பா சொன்னார்:

"ஆமாத்தா, நீ கவுத்துப் போட்டுட்டுப் போயிட்ட. எழுத்தெல்லாம் கீழ கெடந்துச்சு. நாந்தான் நேராத் திருப்பி வச்சேன். எங்க பிரஸ்ல ஒரு சீட்டு இப்படிக் கவுந்து போச்சுன்னா லோடே திரும்பி வந்துரும்லா!"

அக்கா மூலைக்குப் போய், விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தாள். பின்பக்கத்துத் தண்ணீர்த் துளை இருக்க வேண்டிய இடத்தில் கேஸ்கட்டின்மேல் குத்தினாள். குச்சி தகட்டில் முட்டி வளைந்தது. அடுத்த இடம், அங்கும் முட்டியது. பிறகு கேஸ்கட்டைப் பிரித்தெடுத்து, எழுத்து கீழே போகும்படி திருப்பி வைத்தாள். அதே இடத்தில் குச்சியை விட்டாள். அது தடையில்லாமல் பிளாக்குக்குள் இறங்கியது. குச்சியை அப்பாவின் கையில் கொடுத்தாள். அப்பா தாமே ஒருமுறை விட்டுப் பார்த்தார். முன்பக்கத்துத் துளைகள் எப்படி வைத்தாலும் பொருந்தின. பின்பக்கத்துக்கு மட்டும், எழுத்து மேலே வந்தால் தண்ணீருக்கு வழியே கிடையாது.

இதோ, குற்றம் நிரூபணமாகிவிட்டது. அந்த வாரம் முழுவதும் அக்காவின் கையைப் பற்றிப் பேசிய வாய்கள் இப்போது திறக்கும் என்று நான் காத்திருந்தேன். முதலில் திறந்தது பெரியப்பாவின் வாய்.

"எழுத்தக் கீழ போட்டு எவனாவது அச்சடிப்பானா? தப்பு கேஸ்கட்டு செஞ்சவன் மேலத்தா. நான் நல்லதுக்குத்தான செஞ்சேன்."

அடுத்து அப்பா. "சரி, சரி. அண்ணன் தெரியாமச் செஞ்சது. இத வெளிய யாரும் பேசிக்கிட்டுத் திரியாதீக."

சாட்சியாக நிற்பவரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். செய்யாத தவறுக்கு ஒரு பெண்ணின் கை டீக்கடையில் பேசப்பட்டது. கூடத்தில் காபியோடு பரிமாறப்பட்டது. அப்போது வெளியே பேசாதீர்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. தவறு பெரியப்பாவின் கைக்கு மாறிய அந்தக் கணத்திலேயே அது வீட்டு மானமாகிவிட்டது, வாசலைத் தாண்டக்கூடாததாகிவிட்டது. என் கோபம் கேஸ்கட்டைத் திருப்பியதன்மேல் இல்லை. அது பழக்கம், நாங்கள் சிரித்து வளர்த்த பழக்கம். அது தெரிந்த பிறகு அந்தக் கோடவுனில் நிலவிய சௌகரியமான மௌனத்தின்மேல்தான் என் கோபம்.

அங்கே தவறு என்ற சொல்லைத் தன்மேல் வைத்துப் பேசியவர் ஒரே ஒருவர்தான். "எறக்குனதுமே மறுபடி தூக்கச் சொல்லிப் பாத்திருக்கணும். பெரியப்பாட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்" என்றாள் அக்கா. அவள் அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று இன்றும் நினைக்கிறேன். அவளிடம் சொன்னேன். "இன்ஜின்கிட்ட போயி மரியாதையச் சொல்லிப் பாரு, கேக்குதான்னு" என்றாள்.

சூட்டில் வளைந்திருந்த ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்கினாள். புதிய கேஸ்கட்டை எழுத்து கீழே பார்க்க வைத்தாள். இந்த முறை டார்க் ரெஞ்சை முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொண்டாள், ஹெட்டைத் தூக்க என்னைத் தவிர யாரையும் கூப்பிடவில்லை, காலண்டரையும் பார்க்கவில்லை. நாங்கள் மூடி முடித்தபோது ராகு காலம் நடந்துகொண்டிருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள்.

பெட்டி வியாபாரியின் லோடு வரும் நாளன்று காலையில், அக்கா அப்பாவைக் கூப்பிட்டாள். "சாத்தூர் போயிட்டு வருவோம்பா." அப்பா மறுக்கவில்லை. அம்மாவும் நானும் பின்னால் ஏறினோம். பெரியப்பா வரவில்லை, பிரஸ்ஸில் ஆர்டர் நெருக்கடி என்று சொல்லி அனுப்பினார். போகும்போது அந்த டீக்கடையைக் கடந்தோம். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; நான்தான் கழுத்து வலிக்கப் பார்த்தேன். சாத்தூரில் திரும்பும் முன் ரயில்வே கேட் ஒன்று மூடியிருந்தது. வண்டி இன்ஜின் ஓட்டத்திலேயே நின்றது. அம்மாவின் கை மடியில் இருந்தது. வளையல்கள் ஒலிக்கவில்லை. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கட்டியிருக்கத்தா" என்றார் அப்பா. முழு வாக்கியமாகச் சொன்னார். அக்காவின் கண்ணில் நீர் வந்ததை, முன்னால் தொங்கிய சிறு கண்ணாடியில் பார்த்தேன். ஒரு நிமிடம், என் கோபம் அனைத்தும் வீண் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கோடவுன் வாசலில் லாரி நின்றது. முன்பகுதியில் வியாபாரியின் பெட்டிக் கட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. பூட்டைத் திறந்துவிடச் சொல்லி, புறப்படும் முன்பே அப்பா வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். சாத்தூர் போய் வரும் வழி முழுவதும், நல்லாக் கட்டியிருக்க என்று சொன்ன அந்த நேரத்திலும், அவருக்கு இது தெரியும்.

"அவருட்ட வாக்குக் குடுத்துட்டேன்லாத்தா. வெளியாளு. மாத்திப் பேச முடியுமா? சீசன் முடியட்டும், பெறகு பாப்போம்."

அக்கா இன்ஜினை நிறுத்தினாள். சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "வண்டிச் சாவி. இன்னொரு சாவியத்தான் குடுத்துட்டீகளே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். இப்போது அவள் கோடவுன் சுவரை ஒட்டிய வேப்பமரத்தடியில், வெயில் நகரும் பக்கமெல்லாம் தார்ப்பாயை நகர்த்திக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறாள். முதலில் வந்த வண்டி பெரியப்பாவின் பிரஸ் வேன். "லேசா இழுக்குதுத்தா, பாத்துக் குடு" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதுதான் அவர் கேட்கும் மன்னிப்பு என்று அம்மா சொல்கிறாள். வேனைக் கொடுக்க முடிந்தவருக்கு ஒரு சொல்லைக் கொடுக்க முடியவில்லை என்று நான் சொல்கிறேன்.

லாரி நின்ற அந்த நாளுக்குத் திரும்புகிறேன். வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் உண்டு. விழாக் குழுவில் அப்பா இருக்கிறார். இந்த முறைத் தலைப்பு, வணிகத்துக்கு உயிர் நாணயமா, திறமையா என்பது. நாணயமே என்ற அணிக்கு நான் தலைவன். அழைப்பிதழ் பெரியப்பாவின் பிரஸ்ஸில் தயாராகிக்கொண்டிருந்தது. அக்கா நடந்து போன பிறகு, அந்த அசௌகரியத்தை மாற்ற நினைத்தோ என்னவோ, அப்பா வியாபாரியிடம் என் தோளைத் தட்டிக் காட்டி, "பொங்கலுக்கு இவன் பேச்சக் கேக்க வந்துருங்க அண்ணாச்சி. நாணயத்தப் பத்தி வெளுத்து வாங்குவான்" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் மேடைத் தமிழ் வரவில்லை. லோடு இறக்குகிறவர்கள், வியாபாரி, அம்மா, அப்பா எல்லோரும் கேட்கும்படி, வீட்டுப் பேச்சிலேயே சொன்னேன்:

"அக்கா கைக்கு அந்தச் சாவி வார வரைக்கும், நாணயத்தப் பத்தி எந்த மேடையிலயும் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்பா. ஏன் பேசலன்னு யாரு கேட்டாலும், எங்கப்பாட்டப் போயிக் கேளுங்கன்னு சொல்லுவேன்."